நைரோபியில் குடும்பத்துக்கு வீடு: ஃபிளாட்டா, கம்பவுண்டு வீடா, தனி பங்களாவா?

நைரோபிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டு ஏஜென்ட் முதல் வாரத்திலேயே மூன்று வகை வீடுகளைக் காட்டிவிடுவார். பார்க்லாண்ட்ஸ், வெஸ்ட்லாண்ட்ஸ், கிலெலெஷ்வா, கிலிமானி பக்கம் அடுக்குமாடி ஃபிளாட். லாவிங்டன், ஸ்பிரிங் வேலி, லொரேஷோ பக்கம் ஒரே மதிலுக்குள் எட்டு முதல் இருபது மாடிவீடுகள் நிற்கும் கம்பவுண்டு வீடு. கேரன், ருண்டா, முதைகா பக்கம் தோட்டத்தோடு தனி பங்களா. வாடகை ஏரியாவுக்கும் கட்டடத்தின் வயதுக்கும் தகுந்தபடி மாறும். தோராயமாகச் சொன்னால், மூன்று படுக்கையறை ஃபிளாட் மாதம் ஒரு லட்சம் ஷில்லிங்கை ஒட்டி நிற்கும், கம்பவுண்டு வீடு அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும், பங்களா அதற்கும் மேலே போகும்.

பெரும்பாலானவர்கள் வாடகையையும் அறைகளின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இந்த ஊரில் அந்த இரண்டும் பின்னால் வரவேண்டியவை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலை, குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது யார் ஆகிய மூன்றையும் முதலில் பார்த்தவர்கள் ஒரே வீட்டில் நாலைந்து வருடம் நிம்மதியாக இருக்கிறார்கள். பார்க்காதவர்கள் முதல் வருட ஒப்பந்தம் முடிவதற்குள் லாரி பேசுகிறார்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளிக்குப் போகும் குழந்தைகளும் கார் ஓட்டாத மனைவியும் உள்ள குடும்பத்துக்கு முதல் வருடம் ஃபிளாட்தான் சரி. ஊர் பழகிய பிறகு, ஓடி விளையாடும் வயதில் பிள்ளைகள் இருந்தால் கம்பவுண்டு வீட்டுக்கு மாறலாம். காவல், தண்ணீர், ஜெனரேட்டர், தோட்டக்காரர் எல்லாவற்றுக்கும் கம்பெனியே பணம் கட்டினால் ஒழிய, பங்களா பக்கம் போகவே வேண்டாம்.

காலைச் சாலை

நைரோபி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் காலை ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் உதிக்கும். ஸ்கூல் பஸ் ஆறு மணிக்கு வந்தால் குழந்தை எல்லா மாதமும் சூரியன் உதிக்கும் முன்பே ஏறும். இரண்டாவது இக்கட்டு போக்குவரத்து. ஆறரைக்கு முன் கிளம்பினால் அரை மணியில் கடக்கும் தூரம், ஏழு மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இழுக்கும். மழை பெய்தால் கணக்கே கிடையாது.

நம்மவர்களில் பலருக்கு வேலை இண்டஸ்ட்ரியல் ஏரியா, பாபா டோகோ, மொம்பாசா ரோடு, ஆதி ரிவர் பக்கத்துத் தொழிற்சாலைகளில். இந்தியக் குடும்பங்கள் விரும்பும் பள்ளிகளோ நகரத்தின் மேற்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. ஓஷ்வால் அகாடமியும் ஆகா கான் பள்ளிகளும் பார்க்லாண்ட்ஸைச் சுற்றி, பிரேபர்ன் பள்ளி லாவிங்டன் பக்கம் கிதாங்கா ரோட்டில். அப்பா ஒரு திசை, பிள்ளை எதிர்த் திசை. இதில் வீட்டைப் பள்ளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பெரியவருக்குக் கார் இருக்கிறது. 2022-இல் திறந்த நைரோபி எக்ஸ்பிரஸ்வே இருக்கிறது. ம்லோலோங்கோவிலிருந்து வெஸ்ட்லாண்ட்ஸ் வரை 27 கிலோமீட்டர், சுங்கம் கட்டினால் கீழே நிற்கும் நெரிசலின் தலைக்கு மேலே போய்விடலாம். ஸ்கூல் பஸ் அப்படிப் போகாது. தெருத் தெருவாக நுழைந்து மற்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் போகும்.

அதனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பள்ளியின் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் தெருவுக்கு பஸ் வருமா? வந்தால் வரிசையில் எத்தனையாவது நிறுத்தம்? முதல் நிறுத்தம் என்றால் குழந்தை பஸ்ஸிலேயே ஒன்றரை மணி நேரம் உட்காரும், மாலையில் கடைசியாக இறங்கவும் வாய்ப்புண்டு. பள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் முதல் நிறுத்தமாக மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது.

ஊரிலிருந்து ஜூனில் கிளம்பி வருபவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். கென்யப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் செப்டம்பரில். சேர்க்கை உறுதியாகும் வரை நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல், மாத வாடகைக்குக் கிடைக்கும் சர்வீஸ் அபார்ட்மென்டில் ஒன்றிரண்டு மாதம் ஓட்டுவது நல்லது. அங்கே சமையலுக்குப் பெரும்பாலும் கண்ணாடி மேல்தட்டு மின் அடுப்புதான் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவரும் குழிந்த இரும்புச் சட்டி அதில் உட்காராது, தட்டை அடி குக்கரும் தோசைக்கல்லும் உட்காரும்.

தண்ணீர்

நைரோபியின் குழாய்த் தண்ணீர் பெரும்பகுதி நகருக்கு வடக்கே உள்ள இந்தாகைனி அணையிலிருந்து வருகிறது. வரும் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் போதாது. அதனால் முறைவைத்து விடுகிறார்கள். எந்த ஏரியாவுக்கு வாரத்தில் எந்தெந்த நாள் என்று நகரக் குடிநீர் நிறுவனமே அட்டவணை போட்டு வெளியிடுகிறது. அட்டவணைப்படி வரவேண்டிய நாளில் வராமல் போவதும் உண்டு. இந்தக் குறையை நிரப்பத்தான் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களிலும் போர்வெல்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். நைரோபி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல போர்வெல்களில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டி இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால், பிற்பாடு முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். எத்தனை முறை பல் தேய்த்தாலும் போகாது.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் அடர்த்தி சற்று கூடவே செய்யும். பீங்கான் கேண்டில் ஃபில்டர், கரி ஃபில்டர் இரண்டும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. எந்திரம் உதவும். கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டுமே ஒழிய ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. ஆகவே மீட்டரில் 300 என்று வந்ததால் பயமில்லை என்று முடிவுகட்ட முடியாது. கட்டட நிர்வாகியிடம் போர்வெல்லின் ஆய்வறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரைடு மட்டும் பார்த்துவிடுங்கள். குடிக்க மட்டுமல்ல, சோறு, பருப்பு, டீ எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீரே வேண்டும், ஏனென்றால் சோறு கொதிதண்ணீரை முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. நாலு பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் ஆகும். கடையில் வாங்கும் பெரிய டிஸ்பென்சர் பாட்டில் ஒரே நாளில் காலியாகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஆர்.ஓ. எந்திரம்தான் கட்டுப்படியாகும்.

இனி மூன்று வீடுகளையும் தண்ணீரை வைத்து எடைபோடலாம்.

ஃபிளாட்டில் நிலத்தடித் தொட்டியும் மொட்டைமாடித் தொட்டியும் பொது. அணைத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்துதான் வரும், எந்த நாளில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் தண்ணீர் தட்டுப்பாடு குறைவு, தரம் நிச்சயமில்லை. கம்பவுண்டு வீட்டில் பொதுத் தொட்டியோடு வீட்டுக்கு ஒரு சின்னத் தொட்டியும் இருக்கும். சில இடங்களில் சமையலறைக் குழாய்க்கு மட்டும் அணைத் தண்ணீர்க் குழாயைத் தனியாக இழுத்திருப்பார்கள். அப்படி ஒரு வீடு கிடைத்தால் வாடகையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது பிடித்துக்கொள்ளலாம். பங்களாவில் எல்லாம் உங்கள் தலையில். ஒரு ஆளுக்கு நாளைக்கு 130 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கும் வேலையாளுக்குமாக 650 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், அதில் தோட்டத்துக்கு ஊற்றுவது சேராது. முறை தவறினால் 10,000 லிட்டர் லாரிக்குப் போன் போடவேண்டும். லாரித் தண்ணீரும் பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வெல்லில் நிரப்பியதுதான் என்பதை மறக்கக்கூடாது.

வீடு பார்க்கப் போகும்போது கெட்டிலின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் கடினமான போர்வெல் தண்ணீர் என்று அர்த்தம். குளியலறைக்குப் போய், ஷவர் தலையிலேயே மின்சூடேற்றி பொருத்திய சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே லொரென்செட்டி வகை இன்ஸ்டன்ட் ஷவர்தான் எங்கும். இதில் சாதாரணத் தண்ணீருக்கு ஒரு ரகமும் உப்புத் தண்ணீருக்கு இன்னொரு ரகமும் விற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் சாதாரண ரகத்தை மாட்டினால் உள்ளே இருக்கும் சுருள் சீக்கிரமே எரிந்துபோகும். சோப்பு நுரை வராத குளியலறையில் சாதாரண ரகம் மாட்டியிருந்தால், மாற்றித் தரச்சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கரண்ட்

ஊரில் உள்ள அதே 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே மிக்ஸியும் வெட் கிரைண்டரும் அப்படியே ஓடும். பிளக் மட்டும் சதுர முள் பிரிட்டிஷ் வகை. உருண்டை முள்ளுக்கு அடாப்டர் மாட்டி 750 வாட் மிக்ஸியை ஓட்டினால் அடாப்டர் சூடாகி இளகும். ஒயரை வெட்டி, ஃபியூஸ் உள்ள சதுர பிளக் போட்டுவிடுவதே நிரந்தர வழி. எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை.

மின்சார நிறுவனமான கென்யா பவரின் மீட்டர் பெரும்பாலும் முன்பணம் கட்டும் வகை. போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாவில் 888880 என்ற பேபில் (கட்டணம் கட்டும்) எண்ணுக்கு மீட்டர் எண்ணைப் போட்டுப் பணம் அனுப்பினால் 20 இலக்க டோக்கன் குறுஞ்செய்தியில் வரும், அதை மீட்டரில் தட்டவேண்டும். ஒரே ஆயிரம் ஷில்லிங்குக்கு இந்த மாதமும் அடுத்த மாதமும் யூனிட் வேறுவேறாக வரும். எரிபொருள் கட்டணமும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மாதாமாதம் மாறுவது ஒரு காரணம். நீங்கள் எந்தக் கட்டண அடுக்கில் இருக்கிறீர்கள் என்பது இன்னொரு காரணம். 2023 ஏப்ரலிலிருந்து மாதம் 30 யூனிட் வரை, 100 யூனிட் வரை, அதற்கு மேல் என்று மூன்று அடுக்குகள். கடந்த மூன்று மாதச் சராசரியை வைத்து அடுக்கு தீர்மானமாகிறது. 5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஷவரில் நாலு பேர் ஆளுக்கு எட்டு நிமிடம் குளித்தால் நாளைக்கு இரண்டே முக்கால் யூனிட், மாதத்துக்கு 80. குளியல் ஒன்றுக்கே இவ்வளவு போனால் ஃபிரிட்ஜும் அடுப்பும் சேர்ந்து மேல் அடுக்கில் கொண்டுபோய் நிறுத்தும். மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள கட்டடத்துக்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு.

ஃபிளாட் விளம்பரத்தில் ஜெனரேட்டர் பேக்கப் என்று போட்டிருந்தால் நம்பி நின்றுவிடாதீர்கள். வீட்டுக்குள் முழுவதும் வருமா, லிஃப்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமா என்று கேளுங்கள். முழுவதும் என்று சொன்னாலும் வீட்டுக்கு இத்தனை ஆம்பியர் என்று அளவு வைத்திருப்பார்கள், ஷவரைப் போட்டால் டிரிப் ஆகும். எட்டாவது மாடியில் வயதான அப்பா அம்மா வந்து தங்கும் வீடென்றால், லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத கட்டடம் வேண்டவே வேண்டாம்.

கம்பவுண்டு வீட்டிலும் பங்களாவிலும் இன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்றில் பாதியளவுதான் எடுக்கவேண்டும். அது ஏறக்குறைய 1.2 யூனிட். விளக்கு, வைஃபை, டிவி சேர்த்து 150 வாட் என்றால், இன்வெர்ட்டரில் வீணாவது போக ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். ஃபிரிட்ஜையும் சேர்த்தால் பாதியாகக் குறையும். கரண்ட் போவது இந்த ஊரில் பெரும்பாலும் மழைநாட்களில், சில மணி நேரத்துக்கு. அதற்கு இது போதும், வாடகை வீட்டில் இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

ஃபிளாட்டில் இன்னொரு சிக்கல், மீட்டர் யாருடையது என்பது. கென்யா பவரின் நேரடி மீட்டராக இல்லாமல் கட்டடக்காரர் வைத்த துணை மீட்டராக இருந்தால் யூனிட் விலையை அவர்தான் வைப்பார். நேரடி மீட்டராக இருந்தால், முன்பு குடியிருந்தவரின் பாக்கி அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாக்கி இருந்தால் நீங்கள் வாங்கும் டோக்கனிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

சமையலறை

நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட குன்னூர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் கடலையும் வேகவே வேகாது என்று புலம்பாத வீடு இல்லை. குக்கரில் கூட ஊரைவிட ஒன்றிரண்டு விசில் அதிகம் வேண்டும். துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்தால் அந்தக் கூடுதல் விசிலும் தேவைப்படாது.

மாவுக்குத்தான் பெரிய சோதனை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை இரவில் 11, 12 டிகிரிக்கு இறங்கும், வீடுகளில் ஹீட்டர் கிடையாது. சமையலறை மேடையில் வைத்த இட்லி மாவு இருபது மணி நேரமானாலும் பொங்காது. அடுப்போடு சேர்ந்த ஓவனில் விளக்கு மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணியில் பொங்கிவிடும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம் சேருங்கள். ஆகவே வீடு பார்க்கும்போது ஓவனைத் திறந்து விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று கேஸ் பர்னரும் ஒரு மின் தட்டும் சேர்ந்த அடுப்பு இருக்கும், கீழே மின் ஓவன்.

எந்தத் திசை பார்த்த சமையலறை என்பதும் இங்கே வேறு கணக்கு. குளிர் மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த அறையில்தான் ஜூலையில் வெயில் எட்டும், அதுவும் மேகம் விலகும் நாளில். தெற்குப் பார்த்த கீழ்மாடி ஃபிளாட்டில் துணியும் காயாது, மாவும் பொங்காது. வாஸ்து பார்ப்பவர்கள் எதைப் பார்ப்பார்களோ, இதையும் பார்த்துவிடட்டும்.

கேஸ் 6 கிலோ, 13 கிலோ சிலிண்டர்களில் வரும், போன் செய்தால் பைக்கில் கொண்டுவந்து மாட்டிக்கொடுப்பார்கள். இந்திய ரெகுலேட்டரைக் கொண்டுவந்தால் பொருந்தாமல் போகலாம், இங்கேயே வாங்குங்கள். அளவு குறைத்து நிரப்பிய சிலிண்டர் சந்தையில் உண்டு. வெற்று எடை கழுத்தில் பொறித்திருக்கும், அதோடு 13-ஐக் கூட்டித் தராசில் வைத்துப் பார்த்து வாங்குவது பழகவேண்டிய வழக்கம். சில புது ஃபிளாட்டுகளில் குழாய் கேஸ் மீட்டரோடு வருகிறது. மற்றவற்றில் சிலிண்டரை எங்கே வைப்பது என்று பாருங்கள். கதவு மூடிய அலமாரிக்குள் என்றால் கசிந்தால் வெளியே தெரியாது. பால்கனியில் அல்லது வெளிப்புறக் கூண்டில் வைத்துக் குழாய் இழுத்திருந்தால்தான் சரி.

பார்க்லாண்ட்ஸின் பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் ஒரு வேலைக்கட்டு இருக்கும். கழிவறையில் கைத்தெளிப்பான் இருக்கும். கிலிமானியின் புது ஃபிளாட்டில் இந்த இரண்டுமே இல்லாமல், வரவேற்பறையோடு ஒட்டிய திறந்த சமையலறை இருக்கும். மீன் வறுத்தால் சோபா வரைக்கும் மணக்கும். மீன் வறுப்பவர்கள் பார்க்லாண்ட்ஸிலும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் சைவக் குடும்பத்துக்கு மட்டும்தான் வீடு. மயிலாப்பூரில் வீடு தேடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

காவலும் வேலையாட்களும்

ஃபிளாட்டில் வாசல் காவல், மின்வேலி, குப்பை எல்லாம் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கும், பெரும்பாலும் அது வாடகையிலேயே சேர்ந்திருக்கும். கம்பவுண்டு வீட்டில் தனியாக வாங்குவார்கள், அது என்னென்னவற்றை உள்ளடக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். பங்களாவில் பகலுக்கு ஒரு காவலாளி, இரவுக்கு ஒருவர், அவர்களின் விடுமுறை நாளுக்கு மாற்றாள், அலாரம் அடித்தால் வண்டியில் வரும் நிறுவனத்துக்கு மாதச் சந்தா. இதில் ஆள் செலவு மட்டுமே ஒரு நல்ல ஃபிளாட்டின் வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். கேரன் போல பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகளில் செப்டிக் டேங்க் நிறைந்தால் உறிஞ்சும் லாரியையும் கூப்பிடவேண்டும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதில் ஊர்ப் பழக்கம் செல்லாது. நைரோபியில் வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், பகல் காவலாளி வகைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 16,113 ஷில்லிங் சொச்சம். வாரம் ஒரு நாள் ஓய்வும் வருடத்துக்கு 21 வேலைநாள் சம்பள விடுப்பும் சட்டப்படி உண்டு. மருத்துவக் காப்புக்கு 2.75 சதவீதம், வீட்டுவசதி வரிக்கு 1.5 சதவீதம் சம்பளத்தில் பிடித்து, அந்த 1.5-க்கு ஈடாக நீங்களும் ஒரு 1.5 சேர்த்துக் கட்டவேண்டும். ஓய்வூதிய நிதி தனி. தங்கி வேலை செய்பவராக இருந்தால் அவருக்கு அறை வேண்டும். ஃபிளாட்டுகளில் சமையலறையை ஒட்டியோ தரைத்தளத்திலோ ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஜன்னல் இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா என்று வீட்டைப் பார்க்கும்போதே பாருங்கள். மனிதர் தங்கத் தகுந்த அறையாக இல்லாவிட்டால், வந்துபோகும் ஆளாக வைத்து பஸ் காசு சேர்த்துக் கொடுப்பதே நியாயம்.

மரங்கள் அடர்ந்த பக்கங்களில், கருரா காட்டை ஒட்டியும் சிட்டி பார்க்கை ஒட்டியும் வேறொரு விருந்தாளி உண்டு. குரங்கு. மேடையில் வாழைப்பழத்தை வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் தோல் மட்டும் கிடக்கும். திருட்டுக்குப் போட்ட கம்பிக்குள் குட்டிக் குரங்கு நுழையும், ஆகவே கம்பியோடு வலையும் வேண்டும்.

பகலில் வீட்டில் இருப்பவர்

சார்ந்தோர் அனுமதிச் சீட்டில் (டிபென்டென்ட் பாஸ்) வரும் மனைவியோ கணவனோ அதை வைத்துச் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. காலை ஏழு முதல் மாலை வரை வீட்டில் இருக்கப்போவது அவர். வீட்டை முடிவு செய்வதில் அவருடைய ஓட்டுக்குத்தான் எடை அதிகம் இருக்கவேண்டும். நடைமுறையில் கம்பெனி அனுப்பும் ஆள் முன்னதாகவே வந்து வீட்டைப் பிடித்துவிட்டு, குடும்பத்தைப் பின்னால் வரவழைக்கிறார். தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

லாவிங்டனில் கம்பவுண்டு வீடு அழகாக இருக்கும். ஆனால் கார் இல்லாமல் வெளியே போக டாக்ஸிதான். கொத்தமல்லிக் கட்டு வாங்கவும் டாக்ஸி. பார்க்லாண்ட்ஸில் டைமண்ட் பிளாசாவும் சிட்டி பார்க் சந்தையும் நடக்கும் தூரம். பாகற்காய், சுரைக்காய், வெண்டை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், கிப்வேசி பக்கம் இந்தக் காய்களைப் பயிரிட்டே ஏற்றுமதியும் செய்கிறார்கள். குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் ஆகா கான் மருத்துவமனையும் எம்.பி. ஷா மருத்துவமனையும் அதே பார்க்லாண்ட்ஸில். பேச்சுத்துணைக்கு மாடிக்கு நாலு இந்தியக் குடும்பம். நடமாட்டம் பகலில்தான், மாலை ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும், அதற்கு மேல் நடந்து போகவேண்டாம்.

ஃபிளாட்டில் குழந்தைகள் விளையாட இடம் குறைவு என்பது உண்மைதான். வண்டி நிறுத்துமிடத்தில் பந்து அடித்தால் காவலாளி விரட்டுவார். அந்த ஒரு விஷயத்தில் கம்பவுண்டு வீட்டுக்கு ஈடு கிடையாது. நாலரை மணிக்குப் பத்துப் பிள்ளைகள் சைக்கிளோடு இறங்கினால் இருட்டும்வரை கேட்டுக்குள்ளேயே சுற்றுவார்கள், பெரியவர் யாரும் கூட நிற்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஐந்து முதல் பன்னிரண்டு வயதென்றால், வீட்டில் இரண்டாவது காரும் அதை ஓட்டும் ஆளும் இருந்தால், அந்த வாடகை வித்தியாசம் கொடுக்கத் தகுந்ததே.

கையெழுத்துக்கு முன்

வெஸ்ட்லாண்ட்ஸ் பக்கம் வாடகையை டாலரில் கேட்பவர்கள் உண்டு. சம்பளம் ஷில்லிங்கில் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024 தொடக்கத்தில் டாலர் 160 ஷில்லிங் வரை ஏறி, சில மாதத்தில் 130-க்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் டாலர் வாடகைக்காரர்கள் கொடுத்த கூடுதலை யாரும் திருப்பித் தரவில்லை.

பக்கத்து மனையைத் தகரத்தால் அடைத்திருந்தால் முன்னால் நிற்கும் பலகையைப் படியுங்கள். எத்தனை மாடி என்று அதில் போட்டிருக்கும். இரண்டு வருடத்துக்குத் தூசியும் சத்தமும், பிறகு ஜன்னலுக்கு நேரே சுவரும். மழை பெய்த மறுநாள் தெருவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சௌத் சி போன்ற தாழ்ந்த பகுதிகளில் மார்ச் முதல் மே வரை பெரிய மழையில் தண்ணீர் நிற்கும். கட்டடத்தில் எந்த ஃபைபர் நிறுவனம் இழுத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள், சில கட்டடங்களில் ஒன்றே ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் முன்பணம் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை, வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு என்பவை இருக்கும். வேலை அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனால் அபராதமின்றி விலகலாம் என்ற வரியை நீங்கள்தான் கேட்டுச் சேர்க்கவேண்டும். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவை முன்பணத்தில் கழிப்பது இங்கே வழக்கம். எந்தப் பெயின்ட், எத்தனை கோட், யார் ஆள் என்பதை நுழையும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்று ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்து, மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் சேர்த்து, வீட்டுக்காரருக்கும் ஏஜென்டுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் மூன்று வருடம் கழித்துப் போன் மாறியபோது தேட வேண்டியிருக்கும்.